முப்பத்தொன்பதாவது சிலிண்டர்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வாசனை தெரிவது அடியோடு போய்விட்டது. சோப்பும் மண்ணெண்ணெயும் அவள் மூக்குக்கு ஒன்றுதான். அந்த மூக்கோடு எரிவாயுக் கிடங்கில், கசிவு பார்க்கும் மேசையில், இருபத்து இரண்டு வருடமாக நிற்கிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நிறை சிலிண்டரை ஒரு பெண்பிள்ளை கொட்டகையின் கடைசி வரை உருட்டிப் போகவே முடியாது என்று லோடு ஏற்றுகிற மூன்று பேர் பந்தயம் கட்டினார்கள். கைக்கு ஒன்றாக, விளிம்பில் சாய்த்துச் சுழற்றி, இரண்டை ஒரே நேரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "அடுத்தது எங்க வைக்கணும்?" என்று கேட்டாள். அவள் கணவர் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, மகனைத் தனியாக வளர்த்து டிப்ளமோ முடிக்க வைத்தாள். முப்பத்தாறு வயதில் இடுப்பு எலும்பு விலகிப் படுத்தவள், நாற்பத்தொரு நாளில் எழுந்து நடந்தாள். டாக்டர் சொன்னது மூன்று மாதம்.

இவற்றில் எதிலும் எனக்குப் பங்கு இல்லை. அவள் அக்கா என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு, அவ்வளவுதான். என் பங்கு இருப்பது வேறொன்றில். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நாங்கள் இரண்டு பேர். அம்மா வேலைக்குப் போனதால் வீட்டில் யாராவது ஒருத்தி இருந்து தண்ணீர் பிடித்து அடுப்பைப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு தங்கை எப்படியும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் கிடந்தாள், அதனால் அவளே இருக்கட்டும் என்று ஆயிற்று. நான் எட்டாம் வகுப்பு வரை போனேன். அவளைச் சேர்த்ததே எட்டு வயதில், மொத்தமாகப் போனது பதினோரு மாதம். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால்தான் எரிவாயு ஏஜென்சியில் ரெஜிஸ்டர் எழுதுகிற வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, 2003-இல், கசிவு பார்க்க ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மூக்கு எப்படிம்மா? இந்த வேலைக்கு அதுதான் முக்கியம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நாய் மூக்கு சார். பக்கத்துத் தெருவுல பால் பொங்குனா இங்கேருந்தே சொல்லுவா."

மேனேஜர் சிரித்து, சேர்த்துக்கொண்டார். வெளியே வந்ததும் தங்கை கேட்டாள், "ஏன்க்கா பொய் சொன்ன?"

"வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும். ஆனா நான் வேற மாதிரி பாத்துக்குவேன்னு சொல்லியிருப்பேன்."

அதைச் சொல்ல நான் விடவில்லை. அன்று முதல் அவளுடைய மூக்கு எங்கள் இருவருக்கும் நடுவே ரகசியம். ரகசியத்தைக் காப்பாற்றித் தந்தவள் நான் என்பதால் எனக்கு ஒரு மிதப்பு இருந்ததை இப்போது மறைக்க மாட்டேன்.

வீட்டு அடுப்பில் எரிகிற வாயு புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. அதற்குச் சொந்தமாக வாசமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றத்தைத் தனியாகச் சேர்க்கிறார்கள். அதனால் எங்கள் தொழிலில் பலர் மூக்கை நம்புவார்கள். மூடியைக் கழற்றி, குனிந்து, "சரி, ஏத்து" என்பார்கள். என் தங்கைக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் மூடியைக் கழற்றி, சுண்டு விரலை வால்வுக்குள் விட்டு ரப்பர் வாஷர் இருக்கிறதா, பிளந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். பிறகு வால்வின் வாய் நிறைய சோப்புத் தண்ணீர் ஊற்றி, மனதுக்குள் இருபது எண்ணுவாள். ஒரு குமிழி எழுந்தாலும் அது தனியே போய்விடும். எழாவிட்டால் துடைத்து, மூடி போட்டு, சிலிண்டரின் தோளில் சாக்கட்டியால் ஒரு கோடு. ஒரு நாளைக்கு நூற்றிருபது, நூற்றுமுப்பது. அவள் சுண்டு விரல் நுனி எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும்.

எந்த சிலிண்டர் எங்கே போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். டீக்கடை, நகைப் பட்டறை, ஆஸ்பத்திரி சமையலறை, இரும்பு வெட்டுகிற பட்டறை, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பண்ணை. குளிர் மாதத்தில் பண்ணைக்காரர் வந்து சண்டை பிடிப்பார். "உங்க சிலிண்டர் தூங்குது, குஞ்செல்லாம் விறைக்குது!" குளிரில் பியூட்டேன் சீக்கிரம் ஆவியாகாது, கலவையில் புரோபேன் குறைவாக இருந்தால் சிலிண்டர் மேல் பனி பூத்து நெருப்பு சோர்ந்துவிடும். இதெல்லாம் அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. லாரியோடு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ரெண்டு சிலிண்டரைச் சேத்து மாட்டுங்க, பாரம் பிரிஞ்சுக்கும்," என்பாள். "அடியில தீ மூட்டி எழுப்புனீங்கன்னா, அது எந்திரிக்கும். நீங்க படுத்துருவீங்க."

இத்தனை தெரிந்தவளுக்கு அந்த நாட்களில் தன் பெயரை எழுதத் தெரியாது.

ரெஜிஸ்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வரி உண்டு. வரிசை எண், சிலிண்டர் எண், எடை, கடைசியில் 'சோதித்தவர் கையொப்பம்'. அந்தக் கட்டத்தில் கைரேகை வைக்கக் கூடாது, படிக்காதவளைச் சோதனைக்கு வைத்திருக்கிறீர்களா என்று கம்பெனி கேட்கும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் சொன்னேன், "அவ சார்பா நானே போட்டுடறேன் சார்." மேனேஜர் கேட்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படிப் பதினோரு வருடம் அவள் பெயரை நான் எழுதினேன். நான்கு எழுத்துப் பெயர். கடைசி எழுத்தின் வாலை இழுத்து, கீழே வளைத்து, ஒரு புள்ளி வைத்து முடிப்பேன். என் சொந்தக் கையெழுத்துக்குக்கூட அவ்வளவு அலங்காரம் கிடையாது.

தனக்கு எழுதக் காட்டித் தரும்படி அவள் மூன்று முறை என்னைக் கேட்டிருக்கிறாள். முதல் முறை, "நான் இருக்கேன்ல?" என்றேன். இரண்டாம் முறை, "இனிமே கத்துக்கிட்டு நீ என்ன கலெக்டராவா ஆகப்போற?" என்றேன். மூன்றாம் முறை ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மேசைக்குப் போய்விட்டாள். எனக்கு நேரம் இல்லை என்பது காரணமல்ல. அவள் எழுதக் கற்றுக்கொண்டால் அந்த நாலெழுத்து என் கையை விட்டுப் போய்விடும். அவ்வளவு சின்னப் புத்தி எனக்கு.

2014 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக மழை. வாயு நிரப்புகிற ஆலையிலிருந்து வர வேண்டிய லாரி திங்கட்கிழமை வராமல் செவ்வாய் காலையில் வந்தது. ஊரெல்லாம் அடுப்பு அணைந்து கிடந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"பாதி வெந்தது அடுப்புல நிக்குதும்மா, நான் என்ன பண்ண?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

"மீதிப் பாதியை நாளைக்கு வேகவைங்க," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

முதல் வண்டிக்கு நாற்பத்தெட்டு சிலிண்டர். ஓட்டுகிறவர் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும், அதனால் எல்லோரும் அவரைச் சைரன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பத்து மணியிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். எனக்கும் அவசரம். என் மகளின் பள்ளியில் பன்னிரண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டம். நான் போய்விட்டால் தங்கைக்காகக் கையெழுத்துப் போட ஆள் கிடையாது, ரெஜிஸ்டர் மூடாமல் வண்டி நகராது.

பத்து நாற்பதுக்கு எழுந்து கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். தங்கை முப்பத்தொன்றை முடித்திருந்தாள். பதினேழு பாக்கி. விரலை விட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, இருபது எண்ணி... அப்படியே ஒவ்வொன்றாக. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்து, நாற்பத்தெட்டு வரியிலும் அவள் பெயரை எழுதினேன். ஆறு நிமிடம் ஆயிற்று. வால், வளைவு, புள்ளி. ஒன்றுகூடக் கோணவில்லை.

சைரன் ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சாச்சு, ஏத்துங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். ஆட்கள் வரிசையைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

தங்கை ஓடிவந்தாள். கையில் சோப்புத் தண்ணீர்க் குவளை. "அண்ணே, இறக்குங்க! இன்னும் பதினேழு பாக்கணும்!"

"உன் கையெழுத்துதானே தங்கச்சி இது? நாப்பத்தெட்டும் போட்டிருக்கே. கையெழுத்துப் போட்டுட்டுக் கலாட்டா பண்றியே!"

அவள் என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னேன், "நான் மோந்து பாத்துட்டேன். ஒண்ணுலயும் வாசம் இல்ல. ஏத்துங்க."

எதிர்த்தால், 'நீயே மோந்து பாரேன்' என்பார்கள். எல்லோருக்கும் முன்னால் மூக்கைப் பற்றி அவள் என்ன பேச முடியும்? அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். அவள் குவளையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். வண்டி போயிற்று. மழையில் அவள் போட்ட சாக்கட்டிக் கோடுகள் முனை திரும்புவதற்குள் கரைந்திருக்கும். பார்த்தது எது, பார்க்காதது எது என்று அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியாது. நான் பெற்றோர் கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

வாஷர் இல்லாத சிலிண்டர் மூடியோடு இருக்கும்வரை நல்ல பிள்ளை. மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரெகுலேட்டரை மாட்டித் திறந்த பிறகுதான் வேலையைக் காட்டும்.

வியாழக்கிழமை காட்டியது. நான்கு தெரு தள்ளி ஓர் இஸ்திரிக்காரர் இருந்தார். கேஸில் சூடாகும் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்ப்பவர். புது சிலிண்டரை மாட்டி, திறந்து, பெட்டியைப் பற்றவைத்திருக்கிறார். சிலிண்டர் கழுத்திலிருந்து தீ குபீரென்று வந்திருக்கிறது. தண்ணீர் தெளித்து வைத்திருந்த படுக்கை விரிப்பை அதன் மேல் போட்டு, ரெகுலேட்டரை மூடிவிட்டார். கெட்டிக்காரர். ஆனால் மூடிய வலது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று.

சிலிண்டர் எண்ணை வைத்து ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமைப் பக்கம், முப்பத்தொன்பதாவது வரி. பக்கத்தில் என் தங்கையின் பெயர், அழகான வாலோடு.

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். நான் ரெஜிஸ்டரோடு அதே அறையில் என் நாற்காலியில் இருந்தேன்.

"வாஷர் பாத்தியாம்மா?"

"நான் பாத்த சிலிண்டர்ல வாஷர் இல்லாம போகாது சார்."

"அப்ப இது நீ பாக்காததா? பாக்காம எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

மேனேஜருக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று நன்றாகத் தெரியும். கேட்கும்போது அவர் கண் மேசை மேல் இருந்தது. தங்கை என்னைப் பார்க்கவில்லை. அதை நான் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பினால் நான் சொல்லியாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் திரும்பாமல் இருந்தாள்.

"என் பேருதான் சார் இருக்கு," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்தச் சோற்றைப் பரிமாறியதே நான்தான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா," என்று மெதுவாகச் சொன்னார். அவளை மேசையிலிருந்து எடுத்து, காலி சிலிண்டர் அடுக்குகிற பக்கம் அனுப்பினார். கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஆள் வருவார், தப்பு நிரூபணம் ஆனால் வேலை போகும், பெயரும் எல்லாக் கிடங்குகளுக்கும் போய்விடும், அதற்கப்புறம் எந்த எரிவாயுக் கிடங்கிலும் கால் வைக்க முடியாது என்றார். விசாரணை ஜூலை 17 என்று கடிதம் வந்தது. மூன்று வாரம்.

எங்கள் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில். ஒரு சுவர்தான் நடுவில். அவள் என்னோடு பேசாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வழக்கம் போலப் பேசினாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாள், என் மகளுக்கு இருமல் நின்றதா என்றாள். நான்காவது நாள் துணி காயப்போடும்போது நானே ஆரம்பித்தேன்.

"நான் சொல்லிடட்டுமாடி?"

"சொல்லு."

"சொன்னா ரெண்டு பேர் வேலையும் போயிடுமே. உன் மூக்கு விஷயமும் வெளிய வந்துரும்."

"அது என் மூக்குக்கா."

"இல்ல, உனக்காகத்தான் யோசிக்கிறேன்..."

அவள் ஒரு போர்வையின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் முறுக்கிப் பிழிந்தோம்.

அந்த வாரத்திலிருந்து தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் எங்கோ போய்விட்டு ஏழரைக்குத்தான் வருவாள். எங்கே என்று சைரன்தான் சொன்னார்.

"உங்க தங்கச்சி இஸ்திரிக்கடையில நிக்குது அக்கா. மொத நாள் அந்தப் பொம்பள வெளக்குமாத்தைத் தூக்காத கொறதான். நான்தானே சிலிண்டர் போடப் போனேன், பக்கத்துலயே இருந்தேன்."

இஸ்திரிக்காரர் மனைவி வாசலிலேயே மறித்திருக்கிறாள். "கையைச் சுட்டது பத்தலைன்னு நலம் விசாரிக்க வேற வந்திருக்கியா? உன் பேருதானாமே அதுல இருக்கு?"

"ஆமாங்க, என் பேருதான்," என்றிருக்கிறாள் தங்கை. "சுட்ட கையை என்னால திருப்பித் தர முடியாது. அது ஆறுற வரைக்கும் என் கையைத் தரேன். பெட்டி எங்க இருக்கு?"

உள்ளே போய் முதல் வேலையாகச் சிலிண்டர் வால்வில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாளாம். ரப்பர் குழாய் வெடித்திருந்ததைப் பார்த்து, மறுநாள் புதுக் குழாய் வாங்கிப் போனாளாம். சைரன் இதைச் சொல்லும்போது அவர் குரலே அடங்கியிருந்தது.

ஒரு நாள் நானும் போனேன். ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. கடை என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. தங்கை தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரர் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தேய்த்து முடித்த ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். யார் வீடு, எத்தனை உருப்படி, எந்தத் தேதியில் கொடுத்தது. அவரால் பேனா பிடிக்க முடியாது, மனைவிக்கும் எழுதத் தெரியாது. அவர் எழுத்துக் கூட்டிச் சொல்ல, தங்கை மூட்டை மேல் சீட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்துகொண்டிருந்தாள்.

"கொம்பை முன்னாடி போடணும். பின்னாடி போட்டா மாடு குத்திரும்," என்றார் அவர்.

"இங்கயா?"

"அங்கதான். என்னம்மா இது, நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கு!"

"நண்டுக்குப் பத்துக் காலுங்க. எனக்கு ஒரு கைதானே? இதுவே அதிகம்."

இஸ்திரிக்காரர் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் படிக்கு இந்தப் பக்கமே நின்றேன். மூன்று தடவை என்னிடம் கேட்டது. கை வெந்த மனிதர், வலியோடு உட்கார்ந்து, அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கை வெந்ததே என்னால். உள்ளே போய் எந்த முகத்தோடு நிற்பது? ஆரஞ்சுப் பையைப் படி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். யார் வைத்தது என்று அவர்கள் யோசித்திருப்பார்கள். அல்லது தங்கைக்குத் தெரிந்தே இருக்கும்.

ஜூலை 17, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி வந்தார். ஒல்லியான பெண். குடையைக் கதவுக்கு வெளியே உதறிச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். மேனேஜர் அறையில் மூன்று நாற்காலிதான். அதிகாரி, மேனேஜர், ரெஜிஸ்டரோடு நான். தங்கை நின்றாள்.

அதிகாரி செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் மேலிருந்து கீழே தடவினார்.

"நாற்பத்தெட்டும் ஒரே மூச்சுல போட்ட மாதிரி இருக்கு. பேனா அழுத்தம்கூட மாறல. ஒரு சிலிண்டர் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"ஒண்ணரை நிமிஷம் மேடம்," என்றாள் தங்கை.

"ஒவ்வொண்ணா பாத்து ஒவ்வொண்ணா போட்டிருந்தா இப்படி வராதே," என்றார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தங்கைப் பக்கம் நகர்த்தினார். "இதுல மூணு தடவை உன் கையெழுத்தைப் போடு. ஒப்பிட்டுப் பாக்கணும்."

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. இவளுடைய நண்டு எழுத்து அந்த வாலோடு ஒத்துப்போகாது, எல்லாம் இப்போதே உடையப்போகிறது, இவளைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று ஓடியது மனசு. அப்போதும் அவள் வேலையைப் பற்றி நினைத்தேனா, என் நாற்காலியைப் பற்றியா? சத்தியமாக, நாற்காலியைத்தான்.

தங்கை பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். பிறகு மூன்று வாரத்தில் முதல் தடவையாக அந்த விஷயத்துக்காக என்னை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, நீ சொல்றியா, இல்ல நான் எழுதட்டுமா?"

அதில் கோபம் இல்லை. எனக்கு ஒரு வாய்ப்பை மிச்சம் வைத்துக் கேட்டாள். எழுதினால் அவள் தப்பித்துவிடுவாள், நான் மாட்டிக்கொண்டவளாக நிற்பேன். சொன்னால் ஒப்புக்கொண்டவளாக நிற்கலாம். எனக்கு அதையாவது கொடுக்க நினைத்திருக்கிறாள்.

"நான்தான் மேடம்," என்றேன். "அவ பேர்ல நான்தான் போட்டேன். பதினோரு வருஷமா. அன்னைக்கு அவ முப்பத்தொண்ணுதான் பாத்திருந்தா. மிச்சத்துக்கும் சேத்துப் போட்டு நான்தான் ஏத்தச் சொன்னேன். அவ வேண்டாம்னா."

"ஏன் ஏத்தச் சொன்னீங்க?"

"மோந்து பாத்தேன்... வாசம் வரல."

உண்மையில் நான் மோந்துகூடப் பார்க்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று திரும்பிவிட்டேன். ஒப்புக்கொள்கிற அந்த நேரத்திலும் ஒரு பொய்யைக் கையில் வைத்துக்கொண்டேன். அதை இன்றுதான் எழுதுகிறேன்.

"அவ ஏன் அதுக்கு மேல எதிர்த்துப் பேசல?" என்று கேட்டார் அதிகாரி.

இந்தத் தடவை தங்கை முந்திக்கொண்டாள்.

"எனக்கு வாசம் தெரியாது மேடம். சின்ன வயசுலேருந்து. அது தெரிஞ்சா வேலை போயிரும்னு பயம். அதனால பேசல."

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பதினோரு வருஷமாவா? நாய் மூக்குன்னாங்களே!"

அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். பையிலிருந்து ஒரு விதிப் புத்தகத்தை எடுத்து, பக்கம் புரட்டி, மேனேஜர் முன்னால் வைத்தார்.

"இதுல மூக்குன்னு ஒரு வார்த்தை இருந்தா காட்டுங்க. விரல், சோப்புத் தண்ணி, தராசு. மூணுதான். மோந்து பாத்து அனுப்பறவங்களைத்தான் நான் வருஷம் முழுக்க விசாரிச்சிட்டு இருக்கேன்."

பதினோரு வருடம் நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய ரகசியத்தின் பெறுமானம் அவ்வளவுதான். முதல் நாளே அவளைப் பேச விட்டிருந்தால் போதும்.

முடிவு என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். தங்கை மறுநாள் காலை மேசைக்குத் திரும்பினாள். மேனேஜருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். என் வேலை அந்த மாதத்தோடு முடிந்தது, இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். இஸ்திரிக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "தினமும் வந்துச்சே, ஒரு வார்த்தை உங்க பேரைச் சொல்லலியே," என்றார். அவர் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த வழியாகப் போனால் நான் எதிர்ப்பக்கமாக நடப்பேன்.

அன்று அறையில் மிச்சம் இருந்தது ஒரு வேலைதான். நான் சொன்னதை எழுதித் தரச் சொன்னார் அதிகாரி. பதினான்கு வரி எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது, அதுதான் எனக்குக் கூசியது. ரெஜிஸ்டரையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் தலையசைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். "தங்கச்சியும் இதுக்குக் கீழ ஒப்புக்கணும்," என்றார்.

மேனேஜர் பழக்க தோஷத்தில் கைரேகை மைப்பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். தங்கை அதை மூடி ஓரமாக நகர்த்தினாள்.

நின்றபடியே குனிந்து, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஒவ்வோர் எழுத்துக்கும் பேனாவைத் தூக்கி, அடுத்தது எங்கே தொடங்க வேண்டும் என்று பார்த்துவிட்டு வைத்தாள். மூன்றாவது எழுத்தின் சுழி மூடாமல் நின்றுவிட்டது. கடைசி எழுத்தில் வால் இல்லை, புள்ளி இல்லை. திருத்திக் கொடுக்க என் கை தானாக நீண்டது. மடியில் அழுத்திக்கொண்டேன்.

"தேதி நான் போட்டுக்கறேன்," என்றார் அதிகாரி.

"அது எனக்கு வரும் மேடம். சீட்டுல தினமும் போடறேன்," என்று சொல்லி, பெயருக்குக் கீழே அதையும் அவளே எழுதினாள்.

17-7-2014.